மணல் குடித்த மழை

ஃபுளோரிடா என்றதும் நம்மவர்கள் ஓர்லாண்டோவில் இறங்கி டிஸ்னி பூங்காவின் வரிசையில் நிற்பார்கள். பிறகு மயாமி கடற்கரை. அத்தோடு அந்த மாநிலம் முடிந்துவிடும். ஓர்லாண்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஒக்காலா தேசியக் காடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் அரை மணி நேரம் ஏமாந்துதான் போவார்கள். மலை கிடையாது, அருவி கிடையாது. சாலையின் இரண்டு பக்கமும் பளீரென்ற வெள்ளை மணல். அதில் இடுப்பளவு ஓக் புதர்கள், கோணல்மாணலாக வளர்ந்த மணல் பைன் மரங்கள், தரையோடு கிடக்கும் குட்டிப் பனைகள். வானம் பார்த்த பூமி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

இந்த வறட்சிக்கு நடுவில்தான் ஜூனிப்பர், ஃபெர்ன் ஹேமக், அலெக்சாண்டர், சில்வர் கிளென், சால்ட் ஸ்பிரிங்ஸ் என்று ஊற்றுகள் வரிசையாகக் கண் திறந்திருக்கின்றன. நாங்கள் கிளம்பியது அந்த ஊற்றுகளுக்காக. ‘நாங்கள்’ என்பதைவிட ‘அவர்’ என்று சொல்வது சரி. என் கணவர் அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணியில் விழுந்து வளர்ந்தவர். தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. எனக்குத் தண்ணீர் என்றால் குடமும் இடுப்பும்தான். நீச்சல் இன்றுவரை வரவில்லை. ஜாக்சன்வில்லில் குடியேறிய பிறகு இந்தக் காட்டைப் பற்றி அவர் சொல்லாத வாரம் கிடையாது. பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்ட ஒரு பிப்ரவரியில், வார நாட்களாகப் பார்த்து, டென்டையும் அடுப்பையும் காரில் ஏற்றினோம்.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோடையில் ஃபுளோரிடாக் காட்டில் டென்ட் போட்டுப் படுப்பது புழுக்கத்தோடும் கொசுவோடும் செய்துகொள்ளும் உடன்படிக்கை. கண்ணுக்கே தெரியாத ஒரு கடி பூச்சி வேறு உண்டு, கொசுவலைக்குள்ளும் புகுந்துவிடும். சனி, ஞாயிறுகளில் ஊற்றுக்குளங்களில் கால் வைக்க இடம் இருக்காது. குளிர்காலத்து வார நாள் என்றால் காடு காடாக இருக்கும்.

1908 நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தக் காட்டைத் தேசியக் காடாக அறிவித்தார். அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதுதான் மூத்தது. 1,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. மேற்கு எல்லையில் ஒக்லவாஹா ஆறு, கிழக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் செயின்ட் ஜான்ஸ் ஆறு. இரண்டு ஆறுகளுக்கும் இடையில் மேடாகக் கிடக்கும் பழைய மணல்திட்டுதான் காடு. ஊர்க்காரர்கள் இதைப் ‘பெரிய புதர்க்காடு’ என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். உழவுக்கு உதவாத மண் என்பதால் பெரும்பகுதியை யாரும் உழவில்லை. அது எவ்வளவு பெரிய நன்மை என்பது பிறகுதான் விளங்கியது.

ஜூனிப்பர் ஊற்றை ஒட்டிய முகாம் திடலில் எங்களுக்கு இடம். உயர்ந்த ஓக் மரங்களும் சபால் பனைகளும் கலந்த நிழல். கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி தாடியாகத் தொங்குவதை ‘ஸ்பானியப் பாசி’ என்கிறார்கள். அது பாசியே இல்லை, அன்னாசிப்பழக் குடும்பத்துச் செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாமல் காற்றிலும் மழையிலும் கிடைப்பதைக் கொண்டே பிழைக்கிறது. டென்ட் போடும் இடங்களில் மின்சார இணைப்பு கிடையாது. ஆனால் வெந்நீர்க் குளியலறை உண்டு. இந்த விகிதம் எனக்குப் பிடித்திருந்தது. விளக்கு இல்லாமல் இருந்துவிடலாம், வெந்நீர் இல்லாமல் முடியாது.

வந்து சேர்ந்ததும் திடலைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலர், எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, எங்கள் சாப்பாட்டு மூட்டையைத்தான் முதலில் விசாரித்தார். ஃபுளோரிடாவின் கருங்கரடிகள் மிக நெருக்கமாக வாழும் இடம் இந்தக் காடு. உணவுப் பொருள் எதுவும் டென்டில் இருக்கக் கூடாது. கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் களிம்புகூட அந்தக் கணக்கில்தான். புளியோதரை, தக்காளித் தொக்கு, ரவை, பெருங்காய டப்பா என்று நான் கடை பரப்பியதைப் பார்த்துவிட்டு, “இதில் எது வாசனை வராத பொருள்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. டப்பாக்கள் எல்லாம் காருக்குள் போயின. ராத்திரி பசித்தால் காரைத் திறந்து, தின்று, வாய் கொப்பளித்து, மறுபடி பூட்டிவிட்டு வர வேண்டும். என் கணவர் ஒரே ராத்திரியில் நொறுக்குத்தீனிப் பழக்கத்தையே விட்டுவிட்டார். எந்த மருத்துவரும் சாதிக்காததைக் கரடி சாதித்தது. கரடியை நாங்கள் பார்க்கவில்லை. மணலில் கால்தடம் பார்த்தோம், எனக்கு அதுவே போதும்.

விறகுக்கும் சட்டம் இருக்கிறது. ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. காரணம் ஒரு சிறு வண்டு. ஆசியாவிலிருந்து மரப் பெட்டிகளோடு வந்து இறங்கி, 2002இல் ஜார்ஜியா மாநிலத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வண்டு, தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமந்து திரிகிறது. அந்தப் பூஞ்சை தென்கிழக்கு மாநிலங்களில் ரெட்பே என்னும் மரத்தை ஏராளமாகக் கொன்றுவிட்டது. சுற்றுலாக்காரர் காரில் வரும் ஒரு கட்டு விறகு அதற்கு இலவசப் பயணச்சீட்டு.

அவர் டென்ட் கயிற்றை இழுத்துக் கட்டிய கையோடு துண்டை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டார். ஜூனிப்பர் ஊற்று நீள்வட்டக் குளமாகக் கல் கரை கட்டப்பட்டிருக்கிறது. நீலமும் பச்சையும் கலந்த தெளிவு. அடியில் பாறை வாயிலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டு வருவது கரையில் நின்றாலே தெரிகிறது. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலை, 22 டிகிரி செல்சியஸ். பூமிக்கடியில் ஆழத்தில் இருக்கும் நீர் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஆகஸ்டில் குதிப்பவருக்கு உடம்பு சிலிர்க்கும், பிப்ரவரி விடியலில் குதிப்பவருக்கு இதமாக இருக்கும். மறுநாள் விடியலில் குளத்தின் மேல் ஆவி படர்ந்திருந்தது. “உள்ள வந்து பாரு, வெளியதான் குளுரு” என்று தலையை மட்டும் வெளியே காட்டிச் சொன்னார். நான் காலை மட்டும் நனைத்துக்கொண்டு எதிர்க்கரைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு சிறிய ஆலை வீடு. பக்கவாட்டில் மரத்தாலான நீர்ச்சக்கரம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்களைக் காட்டுப் பணிக்கு எடுத்த ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’ என்ற அரசுத் திட்டத்தின் கைவேலை இது. 1933இல் தொடங்கிய திட்டம். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குப் போய்விடும். ஊற்று நீர் சக்கரத்தைச் சுற்றி, அந்தக் காலத்தில் இந்த முகாமுக்கே மின்சாரம் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு டென்டுக்கு மின்சாரம் இல்லாத இடத்தில் தொண்ணூறு ஆண்டுக்கு முன் ஊற்று எரித்த விளக்கு இருந்தது என்பது வேடிக்கைதான். கல் வைத்த கை யாருடையதோ, ஒரு கல்லும் பெயரவில்லை. பஞ்ச காலத்து வேலைத்திட்டம் இப்படி நிற்பதைப் பார்க்க நம் ஊரின் நூறு நாள் வேலை அதிகாரிகளை ஒரு நடை கூட்டிவரலாம்.

குளத்திலிருந்து சிறு நடைபாதை ஃபெர்ன் ஹேமக் ஊற்றுக்குப் போகிறது. அங்கே குளிக்கத் தடை. அதனாலேயே அது அழகு. மரப்பாலத்தின் மேல் நின்று குனிந்தால் முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் பால் வெள்ளை மணல். மணலில் அங்கங்கே வட்ட வட்டமாக ஒரு சலனம். அடுப்பில் கெட்டியான கஞ்சி கொதிக்கும்போது மேலே வந்து உடையும் குமிழ் மாதிரி, மணல் மெதுவாக எழும்பி, விரிந்து, அடங்குகிறது. மறுபடி எழும்புகிறது. சத்தமே இல்லை. கீழிருந்து தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு வரும் கண்கள் அவை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஈரத்துண்டோடு வந்தவர் பாலத்தில் சாய்ந்துகொண்டு, “தண்ணி பாக்க வந்துட்டு மணல்ல என்னத்தப் பாக்கே?” என்றார்.

மணலைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஃபுளோரிடா முழுவதுமே சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறும். அந்தப் புளிப்பு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்பை அரித்து அரித்துப் பாறையைப் பொந்தும் குகையுமாக்கிவிட்டது. அந்தப் பொந்துகளில் நிறைந்திருப்பதுதான் ‘ஃபுளோரிடன்’ நிலத்தடி நீர்த்தாங்கி. ஒக்காலாவில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. ஆனால் புதர்க்காட்டில் ஓடை கிடையாது, வாய்க்கால் கிடையாது. பெய்த மழை அப்படியே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. இறங்கியது பாறைக்குள் அழுத்தத்தோடு நகர்ந்து, நிலம் தாழும் இடத்தில் வாய் கிடைத்தால் மேலே வருகிறது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், சில வழிகளில் பல பத்தாண்டுகள்கூட. அவர் விடியலில் முங்கி எழுந்த தண்ணீரில் ஒரு பகுதி நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெய்த மழையாகவும் இருக்கலாம். மேலே வறட்சியாகத் தெரிவதும் கீழே ஊற்றாகத் திறப்பதும் ஒரே சங்கதிதான். மணல் தன் மேல் ஒரு சொட்டையும் நிறுத்திவைக்காததால் ஊற்று நிறைந்திருக்கிறது.

அளவு சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும், ஏனென்றால் மேட்டூர் அணைச் செய்தியைக் கன அடியில் வாசித்துப் பழகியவர்கள் நாம். வினாடிக்கு 100 கன அடிக்கு மேல் தண்ணீர் விடும் ஊற்றை இங்கே முதல் தரம் என்கிறார்கள். நாளைக்குச் சுமார் 24 கோடி லிட்டர். ஃபுளோரிடாவில் அறியப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகளில் முப்பதுக்கும் சற்று மேலானவைதான் அந்தத் தரம். இந்தக் காட்டின் அலெக்சாண்டரும் சில்வர் கிளெனும் அதில் அடக்கம். ஜூனிப்பர் அவற்றைவிடச் சிறியது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் ஓடையில் படகு விடலாம் என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

அந்த ஓடையை ‘ஜூனிப்பர் ரன்’ என்கிறார்கள். ஆலை வீட்டுக்குப் பின்னால் தொடங்கி நெடுஞ்சாலைப் பாலம் வரை 11 கிலோமீட்டர். நான்கைந்து மணி நேரப் பயணம். கனூ படகை வாடகைக்கு எடுக்கலாம், முடிவில் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நடுவழியில் ஏறி வந்துவிட வசதி கிடையாது. 1984இல் பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. மோட்டார் கூடாது, சாலை இல்லை. ஏறுவதற்கு முன் பையைப் பார்க்கிறார்கள். தூக்கி எறியக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில், தகர டின், பாலித்தீன் பை எல்லாம் கரையிலேயே நிற்க வேண்டும். நாங்கள் எவர்சில்வர் டப்பாவில் புளியோதரையும் எவர்சில்வர் சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தோம். சோதித்த பையன் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தான். எங்கள் அம்மா காலத்துப் பயணச் சாமான் இங்கே சட்டப்படி சரியான சாமானாகிவிட்டது.

எனக்கு மிதவை அங்கி மாட்டி முன்னால் உட்கார வைத்தார். அவர் பின்னால். கனூவில் பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவர் தடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருமணத்துக்கும் இதே ஏற்பாடுதான் என்றாலும், வீட்டில் தடுமாறினால் பனையோலை முகத்தில் அடிப்பதில்லை. தொடக்கத்தில் ஓடை அவ்வளவு குறுகல். துடுப்பை அகலமாக வீச இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாய்ந்த மரம். “இடது” என்பேன், அவர் தன் இடதா என் இடதா என்று கேட்பதற்குள் படகு கரையில் மூக்கை நுழைத்திருக்கும். இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது இடதில் என்ன குழப்பம் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பேச்சு குறைந்தது, படகும் நேரானது.

தண்ணீர் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். அடி மணல் வரி வரியாகத் தெரிகிறது. மீன் கூட்டம் படகின் நிழலுக்கு விலகி வழிவிடுகிறது. விழுந்த மரங்களில் ஆமைகள் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்காக வெயில் காய்கின்றன. ஒரு பட்டுப்போன கிளையில் பறவை ஒன்று இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நம் கண்மாய்களில் பார்க்கும் பாம்புத்தாராவின் அமெரிக்க உறவு அது. அதே கழுத்து, அதே நிற்கும் தோரணை. பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் அடையாளம் கண்டுகொண்ட ஒரே அமெரிக்கப் பறவை எனக்கு அதுதான்.

பாதி வழியில் ஓடை அகலமாகி, மரங்கள் விலகி, கோரைப்புல்லும் வெளிச்சமுமாக விரிகிறது. அங்கே முதலைகள். குளிர்காலத்தில் உடம்பைச் சூடேற்ற அவை கரையில் கிடக்கும். படகுக்கும் ஒரு முதலைக்கும் நடுவில் இரண்டு துடுப்பு நீளம்தான் இடைவெளி. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இங்கே முதலைக்கு இரை போடுவது சட்டப்படி குற்றம். மனிதரைக் கண்டால் சோறு என்று பழகிய முதலை மனிதரை அஞ்சாது, பிறகு அதைக் கொல்வதைத் தவிர வழியிருக்காது. தாமிரபரணியில் நாணற்புதரோரம் நீச்சலடித்த வீரர் அந்தக் கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அன்றிரவு படுத்தபின் தூரத்தில் தொம் என்று ஒரு சத்தம். சற்றுக் கழித்து இன்னொன்று. இடி என்று நினைத்து வெளியே வந்தால் வானம் நிறைய நட்சத்திரம். மறுநாள் அந்தப் பெண்மணிதான் விளக்கினார். இந்தக் காட்டுக்குள் ‘பைன்காசில்’ என்று அமெரிக்கக் கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் கடற்படை விமானங்கள் உண்மையான குண்டுகளைப் போட்டுப் பழகும் ஒரே இடம் அது. இன்னொரு பக்கம் கரடிக்கும் பறவைக்கும் அடைக்கலம். இரண்டையும் ஒரே காட்டில் வைத்திருக்க இந்த நாட்டால்தான் முடியும்.

மறுநாள் என் முறை. சில்வர் கிளென் ஊற்றுக்கு எதிர்ப்புறம், நெடுஞ்சாலையைத் தாண்டினால் ‘இயர்லிங்’ நடைபாதை தொடங்குகிறது. மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1938இல் எழுதிய நாவலின் பெயர் அது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1946இல் கிரகரி பெக் நடித்துப் படமாகவும் வந்தது. இந்தப் புதர்க்காட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பம், ஒரு பையன், அவன் வளர்க்கும் மான்குட்டி. நடைபாதை போகும் பேட்ஸ் தீவு நீர் சூழ்ந்த தீவு கிடையாது. புதர்க் கடலுக்கு நடுவில் உயர்ந்த நீளிலைப் பைன் மரங்கள் நிற்கும் திட்டு. அங்கே லாங் குடும்பத்தாரோடு தங்கி, அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் ராலிங்ஸ் எழுதினார். 1930களில் குடிகள் வெளியேறிவிட்டார்கள். இப்போது சிறிய கல்லறைத் தோட்டமும் ஒரு பெரிய பள்ளமும் மிச்சம்.

அந்தப் பள்ளம் சுண்ணாம்பு அரித்து நிலம் உள்வாங்கியதால் உண்டானது. நாவலில் வரும் குடும்பத்துக்குக் கிணறு கிடையாது. இப்படி ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் கசியும் தண்ணீரை மொண்டு மேலே சுமக்க வேண்டும், துணியும் அங்கேதான் துவைக்க வேண்டும். காலுக்கடியில் உலகத்தின் பெரிய நீர்த்தாங்கிகளில் ஒன்று, சில மைலுக்கு அப்பால் நாளைக்குக் கோடிக்கணக்கான லிட்டர் விடும் ஊற்று, ஆனால் வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளமும் வாளியும். கரிசலில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவர்கூடப் பள்ளத்தின் விளிம்பில் நின்று, “எத்தனை நடை நடந்திருப்பாங்க?” என்று கேட்டார்.

நடைபாதை முழுக்க மணல். கால் புதைந்து கெண்டைக்கால் வலிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் பார்க்க நிறைய இருக்கிறது. மணல் பைன் மரத்தின் காய்கள் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் பிசின் இளகித் திறந்து விதை கொட்டும். தாய்மரம் எரிந்தால்தான் பிள்ளைமரம் முளைக்கும். அதனால் காட்டு அதிகாரிகளே பகுதி பகுதியாகத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். எரிந்து சில ஆண்டுகள் ஆன தாழ்ந்த புதரில்தான் ஃபுளோரிடா ஸ்க்ரப் ஜே என்ற நீலப் பறவை வாழும். இந்த மாநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. 1987 முதல் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. வளர்ந்த குஞ்சுகள் உடனே தனிக்குடித்தனம் போகாமல் தாய் தகப்பனோடு தங்கி, அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுகின்றன. ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக மணலில் புதைத்து வைத்து, பஞ்ச காலத்தில் தோண்டித் தின்னும். ஒன்று எங்கள் பாதையிலேயே இறங்கி, ஒரு கொட்டையைப் புதைத்து, மேலே ஓர் இலையை வைத்து மூடிவிட்டு எங்களை முறைத்தது.

பிற்பகலில் அவருக்காகச் சில்வர் கிளென். ஊற்றிலிருந்து கிளம்பும் நீர் கொஞ்ச தூரத்தில் ஜார்ஜ் ஏரியில் கலக்கிறது, ஒக்கிசோபிக்கு அடுத்து மாநிலத்தின் பெரிய நன்னீர் ஏரி அது. பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகள் நத்தையும் சிப்பியும் தின்று போட்ட ஓடுகள் இங்கே மேடுகளாகக் கிடந்தன. 1920களில் அதில் பெரும்பகுதியைச் சாலை போடுவதற்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். 1774இல் வில்லியம் பாட்ரம் என்ற தாவரவியலாளர் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் வந்து பார்த்து எழுதிய பயணநூல் 1791இல் வெளியானது. அதை ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் விரும்பிப் படித்திருக்கிறார். அவருடைய ‘குப்ளா கான்’ கவிதையில் பீறிடும் ஊற்று பாட்ரமின் ஊற்றுகளிலிருந்து வந்ததுதான் என்பது இலக்கிய ஆய்வாளர்கள் கருத்து. குளிர்காலத்தில் இங்கே மானட்டி எனும் கடல்பசு ஒதுங்குவதுண்டு. நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆபத்து, அதனால் ஊற்று வெதுவெதுப்பைத் தேடி வரும். நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆவுளியாவுக்குத் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்திருக்கிறது. இரண்டையும் நான் நேரில் பார்த்ததில்லை. அலெக்சாண்டரில் ஒரு முழுக்கு, சால்ட் ஸ்பிரிங்ஸில் உப்புக் கரிக்கும் தண்ணீரில் ஒரு முழுக்கு என்று அவர் கணக்கை முடித்துக்கொண்டார். அவற்றைப் பற்றி அவரைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில், காட்டின் மேற்கு எல்லையைத் தாண்டி, ஒக்காலா நகரத்தை ஒட்டியிருக்கும் சில்வர் ஸ்பிரிங்ஸுக்குப் போனோம். இந்த வட்டாரத்தின் மிகப் பிரபலமான ஊற்று. 1870களிலிருந்து அடியில் கண்ணாடி வைத்த படகில் ஆட்களை ஏற்றிக் காட்டுகிறார்கள். 1930களில் படகுக்காரர் ஒருவர் வேடிக்கைக்காக ஒரு தீவில் கொண்டுவந்து விட்ட நம் நாட்டுச் செம்முகக் குரங்குகள் நீந்தித் தப்பி, இன்று கரையெங்கும் குடும்பம் நடத்துகின்றன. குரங்குக்கு நீந்தத் தெரியும் என்பது அந்தப் படகுக்காரருக்குத் தோன்றவில்லை போலும். கண்ணாடி வழியே பார்த்தால் ஆழமும் நீலமும் இன்னும் அசத்துகிறது. ஆனால் பாறையிலும் நீர்ச்செடியிலும் பழுப்புப் பாசி போர்த்திக் கிடக்கிறது. ஜூனிப்பரில் பார்த்த வெள்ளை மணல் இங்கே அபூர்வம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை. தண்ணீர் வருவதும் அதே சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான். வித்தியாசம் மேலே இருப்பதில். சில்வர் ஸ்பிரிங்ஸின் நீர் பிடிக்கும் பரப்பில் நகரம் இருக்கிறது, குதிரைப் பண்ணைகள் இருக்கின்றன, உரம் போட்டுப் பச்சையாக வைத்திருக்கும் வீட்டுப் புல்வெளிகளும் கழிவுநீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. உரத்திலும் சாணத்திலும் கழிவிலும் உள்ள நைட்ரேட் மழையோடு மணலில் இறங்கி ஊற்றில் வெளிவருகிறது. பாசிக்கு அது விருந்து. அலெக்சாண்டர், ஜூனிப்பர், சில்வர் கிளென் மூன்றுக்கும் மேலே பெரும்பாலும் யாரும் உழாத, உரம் போடாத புதர்க்காடு மட்டும். அதனால் ஃபுளோரிடாவிலேயே நைட்ரேட் மிகக் குறைந்த ஊற்றுகளில் இவை சேர்கின்றன. ஒன்றுக்கும் உதவாத மண் என்று விவசாயி கைவிட்டதுதான் இந்த நீரைக் காத்தது. காரில் ஏறும்போது, “மணலப் பாக்கணும்னு நீ சொன்னது சரிதான்” என்றார். திருமண வாழ்வில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டிய வாக்கியம்.

போக நினைக்கிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்குள் வார நாட்களாகப் பாருங்கள். முகாம் இடத்தை இணையத்தில் மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள். இரவில் உறைபனி வரை குளிர் இறங்கக்கூடும், நல்ல கம்பளி வேண்டும். சாப்பாட்டை எவர்சில்வரில் கட்டுங்கள். ஜூனிப்பர் ரன்னுக்குக் காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் படகு தர மாட்டார்கள். ஊற்றில் குளிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இயர்லிங் நடைபாதைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். கெட்டியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கையில் கொண்டுபோங்கள். அந்தப் பாதையில் குடிக்க ஒரு சொட்டு கிடைக்காது.